மகன் நடிகனாக வேண்டும் என்கிறான், ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஐந்து பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் லுங்கித் தறி ஓட்டுகிறார். இவர் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இளையவனுக்கு 20 வயது, வேலூரில் ஒரு கல்லூரியில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே மிமிக்ரி செய்வான். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் தெரு மேடையில் ஏறினால் கூட்டம் கைதட்டும். இப்போது அந்தத் திறமையை இன்ஸ்டாகிராமில் காட்டுகிறான். அங்கே ஒரு விளம்பரத்தைப் பார்த்து, வேலூரில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த ஆடிஷனுக்குப் போயிருக்கிறான். 'செலக்ட் ஆகிவிட்டாய், புதுப் படத்தில் ஹீரோவின் நண்பன் வேடம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மூன்றரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டுமாம். பயிற்சி, போட்டோ ஷூட், நடிகர் சங்க கார்டு எல்லாம் அதிலேயே அடக்கமாம்.

கணவருக்குத் தெரியாமல் தன் செயினை அடகு வைத்து 75,000 ரூபாயை இந்த அம்மா கொடுத்துவிட்டார். பணம் ஜிபே வழியாக ஒரு தனிநபர் கணக்குக்குப் போயிருக்கிறது. ரசீது இல்லை. முத்திரைத்தாளில் ஐந்து வருட ஒப்பந்தம் ஒன்றில் மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நடுவில் விலகினால் ஐந்து லட்சம் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. தொகை எழுதாத செக் ஒன்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். இப்போது மீதி 2,75,000 ரூபாயும், தாயின் கையெழுத்தோடு இன்னும் இரண்டு செக்கும் கேட்கிறார்கள். இதற்கிடையில் மகன் படிப்பை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகிறேன் என்கிறான். 'யோகி பாபு நம்ம ஆரணிக்காரர்தானே, விஜய் சேதுபதி என்னை மாதிரி பி.காம்.தானே' என்று கேட்கிறான். கணவர் 'வீட்டை விட்டுப் போடா' என்று சொல்ல, மகன் பதிலுக்கு 'என் பங்கைக் கொடுங்க, போறேன்' என்றிருக்கிறான்.

'மீதியைக் கட்டினால்தான் கட்டின பணமாவது பிழைக்கும் என்கிறார்கள். போலீசில் சொல்லி அவனைத் தடுக்க முடியுமா? வீடு போய்விடுமா? நான் செய்தது தப்பா சார்?' என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளையின் ஆசைக்குத் துணை நின்றது தப்பு இல்லை. நம்பக்கூடாத ஆளை நம்பிவிட்டீர்கள். அது திருத்திக்கொள்ளக் கூடியது. மீதிப் பணத்தை இன்னும் கொடுக்கவில்லை, உங்கள் செக்கும் இன்னும் உங்கள் கையிலேயே இருக்கிறது. இந்த இரண்டு காரணத்தாலும் நீங்கள் நல்ல நிலையில்தான் இருக்கிறீர்கள். தயவுசெய்து இரண்டையும் கொடுக்காதீர்கள்.

பணம் எந்தப் பக்கம் போகிறது?

இருபது வருடத்துக்கும் மேலாக வேலூர் நீதிமன்றத்தில் வக்கீலாக வழக்கு நடத்துகிறேன். சினிமா வாய்ப்பு என்ற பெயரில் பணம் இழந்த குடும்பங்கள் என்னிடம் வரும்போதெல்லாம் முதலில் ஒன்று கேட்பேன்: நடிப்பவர் பணம் கொடுத்தாரா, வாங்கினாரா? நடிப்பு ஒரு வேலை. வேலைக்குக் கூலி உண்டு. கூட்டத்தில் ஓரமாக நிற்கும் துணை நடிகருக்குக்கூடச் சாப்பாடும் அன்றைய சம்பளமும் தருகிறார்கள். வேடத்துக்காக நம்மிடம் பணம் கேட்பவர் படம் எடுப்பவர் இல்லை.

இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யை எடுத்த பி.ஏ. பெருமாள் முதலியார் நம் வேலூர்க்காரர். மேடையில் சிவாஜி கணேசனின் நடிப்பைப் பார்த்து, இவர்தான் கதாநாயகன் என்று முடிவு செய்தவர். படத்தில் கூட்டாளியாக இருந்த ஏவி. மெய்யப்பனுக்கு அந்த ஒல்லியான புதுமுகத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. ஆளை மாற்றலாம் என்ற பேச்சு எழுந்தபோதும் பெருமாள் முதலியார் அசையவில்லை. அந்தப் புதுமுகத்துக்கு மாதம் 250 ரூபாய் சம்பளமும் கொடுத்தார். இவ்வளவு பெரிய நம்பிக்கையை வைத்த தயாரிப்பாளர் நடிகரிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை. சிவாஜி அதை மறக்கவில்லை. பெரிய நடிகரான பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் வேலூருக்கு வந்து அவர் வீட்டில் சீர் வைத்து ஆசி வாங்கிப் போவார். இந்த ஊரில் வயதானவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள்.

இன்னொன்றையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். 'பராசக்தி' வந்தபோது சிவாஜிக்கு 24 வயது. ஆனால் சிறுபிள்ளையாக நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடம் உட்படக் கிடைத்த வேடமெல்லாம் போட்டு, அதற்குள் பதினைந்து வருடத்துக்குக் குறையாத மேடை அனுபவம் அவருக்கு இருந்தது. முதல் படத்திலேயே உச்சிக்குப் போனார் என்று நாம் சொல்வது அந்தப் பதினைந்து வருடத்தைக் கணக்கில் சேர்க்காமல் சொல்வது.

உங்கள் மகன் சொல்லும் இரண்டு பேருக்கும் இதே கதைதான். யோகி பாபு ஆரணிக்காரர் என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. பழைய வடாற்காடு மாவட்டம் 1989-ல் பிரியும் வரை ஆரணியும் நம்மோடுதான் இருந்தது. அவர் அப்பா ராணுவத்தில் ஹவில்தார். விஜய் டிவியின் 'லொள்ளு சபா'வில் சின்னச் சின்ன வேடங்களில் ஆரம்பித்தவர் அவர். 2009-ல் வந்த 'யோகி' படத்தில் சிறு வேடம் கிடைத்தது, படத்தின் பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது. அதன் பிறகும் பல வருடம் ஒரு காட்சி, இரண்டு காட்சி என்றுதான் போனது. 'கோலமாவு கோகிலா', 'பரியேறும் பெருமாள்' இரண்டும் வந்த 2018-ஐ எடுத்துக்கொண்டால் நடுவில் ஒன்பது வருடம். 'மண்டேலா'வில் படத்தையே தன் தோளில் தாங்கியது 2021-ல்.

விஜய் சேதுபதி பி.காம். படித்தவர் என்பது உண்மை. ஆனால் உங்கள் மகன் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். அவர் அந்தப் பட்டத்தை முடித்தார். கடையில் விற்பனையாளர், சாப்பாட்டுக் கடையில் கேஷியர், டெலிபோன் பூத் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். பிறகு துபாயில் கணக்காளர் வேலை. 2003-ல் ஊர் திரும்பியவர் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் சேர்ந்ததும் கணக்கு எழுதத்தான். அங்கே நடிகர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் கதாநாயகனாகும்போது அவருக்கு 32 வயது. அவரைத் துபாய்க்கு அனுப்பியதும் கூத்துப்பட்டறையின் கதவைத் திறந்துவிட்டதும் அந்த பி.காம். படிப்புதான்.

'ரஜினிகூடப் பணம் கட்டித்தானே சேர்ந்தார்?' என்று மகன் கேட்கலாம். கேட்டால் சொல்லுங்கள். பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தவர் 1973-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தது நடிப்புப் பள்ளியில். அதற்குக் கூட வேலை பார்த்த டிரைவர் நண்பர் பணம் கொடுத்து உதவினார். அது படிப்புக்குக் கட்டிய பணம், வேடத்துக்குக் கட்டியது இல்லை. 1975-ல் 'அபூர்வ ராகங்கள்' வேடத்தை கே. பாலசந்தர் அவருக்குக் கொடுத்தார், விற்கவில்லை. பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவது நியாயமான தொழில். அங்கே பாடத்திட்டம் இருக்கும், ரசீது இருக்கும், பழைய மாணவர்களைப் பார்த்துப் பேசலாம். உங்களிடம் பணம் வாங்கியவர் பயிற்சியையும் வேடத்தையும் சங்க கார்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கிறார். நடிகர் சங்கத்தில் சேர என்ன தகுதி, எவ்வளவு கட்டணம் என்று சங்க அலுவலகத்திலேயே நேரில் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு நடுவில் ஆள் தேவையில்லை.

கையெழுத்துப் போட்ட பத்திரம்

'கையெழுத்துப் போட்டாச்சு, இனி கட்டித்தான் ஆக வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஏமாற்றி வாங்கிய சம்மதத்தில் உருவான ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்று 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. ஐந்து லட்சம் அபராதம் என்று எழுதியிருந்தாலும் அது அப்படியே வசூலாகிவிடாது. 74-வது பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் தரச் சொல்லும், அதுவும் எழுதியிருக்கும் தொகைக்கு மேல் போகாது. ஒரு நாள் வேலையும் தராத ஒருவருக்கு என்ன இழப்பு வந்துவிட்டது? 'எங்களைத் தவிர வேறு யார் படத்திலும் நடிக்கக் கூடாது' என்ற வரியைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். நடித்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துவராது. ஆனால் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கத்துச் சாட்சியே அதுதான்.

பத்திரத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்த எழுதாத செக். கையெழுத்து உண்மையானது என்றால், கடனுக்காகத்தான் செக் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தொகையை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் நிலைமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'கடன் எதுவும் இல்லை' என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் மகன் தலையில் விழும். செக் திரும்பிய வழக்கில் இரண்டு வருடம் வரை சிறை அல்லது செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், சில நேரம் இரண்டுமே கிடைக்கலாம். ஆகவே மகன் வங்கிக்குப் போய், இந்த எண்ணுள்ள செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அது மட்டும் போதாது. பணத்தை நிறுத்தினாலும் அவர்கள் வழக்குப் போடலாம். அதனால்தான், செக் எந்தச் சூழ்நிலையில் வாங்கப்பட்டது என்று எழுதி ஒரு வக்கீல் நோட்டீசை நீங்கள் முந்திக்கொண்டு அனுப்பிவிடுவது நல்லது. அவர்களிடமிருந்து நோட்டீஸ் வந்தால், வாங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள் பதில் போக வேண்டும். தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கட்டிய 75,000 ரூபாய்

மீதியைக் கட்டினால்தான் கட்டியது பிழைக்கும் என்பது அவர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு. வாணியம்பாடிப் பக்கத்து அப்பா ஒருவர் இதே கணக்கை நம்பி, நாற்பதாயிரத்தைக் காப்பாற்றுவதற்காக இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். இப்போதும் அவர் நினைவு வந்தால் மனது கனக்கிறது. கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

பணம் ஜிபேயில் போனது ஒரு வகையில் நல்லது. தேதி, தொகை, யாருடைய கணக்கு என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு இன்றே போன் செய்து புகார் பதியுங்கள். உடனடியாகச் சொன்னால் அந்தக் கணக்கிலேயே பணத்தை நிறுத்த வாய்ப்பு அதிகம். நீங்கள் பணம் கொடுத்து மூன்று வாரம் ஆகிவிட்டதால் அந்த வாய்ப்பு குறைந்திருக்கலாம், ஆனாலும் புகார் பதிவாவது முக்கியம். பிறகு காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். என்ற புகார் பதிவு ரசீது வாங்குங்கள். ஆள் சென்னையில் இருக்கிறார், அங்கே போய்க் கொடுங்கள் என்று சொன்னால், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது என்று பணிவாகச் சொல்லுங்கள். ஏமாற்றிப் பணம் பறிப்பதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு.

இன்னொரு வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பயிற்சி தருகிறேன், கார்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டுச் செய்யாமல் விடுவது சேவைக் குறைபாடு. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்ற கவலையும் வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேளுங்கள், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். பணம் முழுவதும் திரும்பி வரும் என்று நான் உறுதி தர மாட்டேன். நோட்டீசும் புகாரும் போன பிறகு, விஷயம் பெரிதாகாமல் இருக்கப் பணத்தைத் திருப்பித் தந்தவர்களும் உண்டு, போனை அணைத்துவிட்டு மறைந்தவர்களும் உண்டு.

போலீசும் பங்கும்

20 வயது ஆன மகனை, சினிமாவுக்குப் போகிறான் என்ற காரணத்துக்காகப் போலீஸ் தடுக்க முடியாது. காணவில்லை என்று புகார் கொடுத்தால் தேடிக் கண்டுபிடிப்பார்கள். 'என் விருப்பப்படி வந்தேன்' என்று அவன் சொல்லிவிட்டால் அங்கேயே விட்டுவிடுவார்கள். அவனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்சப் பேச்சும் அதோடு நின்றுபோகும். போலீஸ் புகார் ஏஜென்ட் மேல் இருக்கட்டும், மகன் மேல் வேண்டாம்.

வீட்டைப் பற்றிப் பயப்படாதீர்கள். கணவர் தறி ஓட்டிச் சம்பாதித்து வாங்கிய வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் இருக்கும் வரை அதில் பங்கு கேட்க மகனுக்குச் சட்டப்படி உரிமை இல்லை. பாட்டனார் வழியில் வந்த சொத்தாக இருந்தால் பேச்சு வேறு. பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இதை அவனிடம் வெற்றியைச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டாம். 'போடா' என்று அப்பா சொன்ன கோபத்தில் வந்த வார்த்தை அது.

பி.காம். முடியட்டும்

சினிமா ஆசையைக் கெட்ட பழக்கம் பிடித்ததுபோல எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தெரு மேடையில் நின்று நூறு பேரைச் சிரிக்க வைப்பது எல்லாருக்கும் வராது. நம் வடாற்காட்டு மண்ணில் அதற்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும்போது, தூங்கி விழும் ஊரை எழுப்பி உட்கார வைப்பவன் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன்தானே? செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்தை நடத்தி வருகிறது. நாடக ஆசிரியர் ந. முத்துசாமியைக் கூத்தின் பக்கம் இழுத்தது புரிசைத் தம்பிரான்களின் ஆட்டம். அந்த முத்துசாமி 1977-ல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்துதான் பசுபதி, விமல், விதார்த், குரு சோமசுந்தரம், விஜய் சேதுபதி என்று ஒரு வரிசையே வந்தது. நடிப்பின் ஒரு ஊற்று இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, உங்கள் மகன் அதை ஓட்டல் ஹாலில் தேடியிருக்கிறான். விடுமுறையில் ஒரு முறை புரிசைக்குப் போய் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து கூத்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதற்கு பஸ் செலவுதான் ஆகும்.

பட்டம் முடிக்கச் சொல்வது அவன் ஆசையை முடக்குவதற்காக இல்லை. நடிப்பை முறையாகக் கற்றுத்தரும் அரசு இடங்களுக்கே பட்டம் வேண்டும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் படிப்புக்கும், புனே திரைப்படக் கல்லூரியின் நடிப்புப் படிப்புக்கும், பக்கத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடக முதுகலைக்கும் பட்டம்தான் நுழைவாயில். நாடகப் பள்ளி மேடை அனுபவத்தையும் கேட்கும். இன்னும் சில மாதம் பொறுத்தால் பட்டம் கையில் இருக்கும். இப்போது விட்டுவிட்டால் இந்தக் கதவுகளை அவனே சாத்திக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பரீட்சை முடிந்ததும் சென்னைக்குப் போகட்டும். கணக்கு வேலை ஒன்று பார்த்துக்கொண்டு, வாரக் கடைசியில் நாடகக் குழுவில் சேரட்டும். எத்தனை வருடம் முயற்சி செய்வது, வீட்டிலிருந்து மாதம் எவ்வளவு தர முடியும், எதை விற்கவே கூடாது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வெற்றி வரும் என்று நான் சொல்லவில்லை. நாம் பெயர் தெரிந்து பேசும் ஒவ்வொரு நடிகருக்கும் பின்னால், அதே அளவு உழைத்தும் பெயர் வெளியே வராத பலர் கோடம்பாக்கத்தில் இருக்கிறார்கள். அவன் கையில் ஒரு தொழில் இருந்தால் அந்தக் காத்திருப்பு அவனை உடைக்காது.

கடைசியாக, செயினைப் பற்றிக் கணவரிடம் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார். இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பார். ஆனால் புகார், நோட்டீஸ், ஆணையம் என்று போகும்போது எப்படியும் அவருக்குத் தெரியவரும். வேறு யார் வாயிலிருந்தோ கேட்பதைவிட உங்களிடமிருந்து கேட்பது நல்லது. உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: திருவிழாவில் மகன் மிமிக்ரி செய்தபோது அவர் கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல வீட்டுக்கு வந்தார் என்று. அந்த மனிதரிடம் நீங்கள் பேசலாம்.

இன்று இரவு பேசுங்கள். நாளை காலை வங்கி திறந்ததும் மகன் போகட்டும், முடிந்தால் அப்பாவும் கூடப் போகட்டும். மகன் கொடுத்த செக்கின் எண், செக் புத்தகத்தில் மிச்சமிருக்கும் செக்குகளின் வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புத்தகத்தை இப்போதே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.